உள்ளங்கைக் காற்று

லேப்டாப் மேசைக்கு வந்ததும் சுவிட்சைப் போட்டு ஐந்து நிமிடம் ஓட விடுவேன். பிறகு இடது உள்ளங்கையைக் காற்று வெளியேறும் ஓட்டையோரம் வைப்பேன். திருப்புளியும் டெர்மினலும் அதற்குப் பிறகுதான். ஃபேன் இரைந்து, காற்று பலமாகவும் சூடாகவும் வந்தால் உள்ளே குளிரூட்டும் பாகங்கள் தம் வேலையைச் செய்கின்றன. பிராசஸருக்கு யாரோ ஓயாமல் வேலை கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஃபேன் இரைந்தும் காற்று மெலிதாக, கொதித்து வந்தால் வழி அடைத்திருக்கிறது. காற்று பலமாக, ஆனால் சில்லென்று வந்து, திரையில் மட்டும் 90 டிகிரி காட்டினால் பிராசஸரின் சூடு ஹீட் சிங்குக்குப் போய்ச் சேரவே இல்லை. பேஸ்ட் காய்ந்திருக்கும், ஸ்க்ரூ தளர்ந்திருக்கும், அல்லது செப்புக் குழாய் செத்திருக்கும். இந்த மூன்று விதக் காற்றையும் பிரித்துச் சொல்ல என் கைக்கு இரண்டு வருடம் பிடித்தது. இப்போது பெரும்பாலும் தப்புவதில்லை.

இதைச் சொல்லிக்கொடுத்தவர் கணினியைத் தொட்டதே கிடையாது. பள்ளிக்கூடம் முடித்ததும் திருப்பூரில் ஒரு மோட்டார் காயில் கட்டும் கடையில் சேர்ந்தேன். அங்கிருந்த மேஸ்திரிதான் என் குரு. கிணற்று மோட்டார், கிரைண்டர் மோட்டார், சீலிங் ஃபேன் எது வந்தாலும் ஓட விட்டு, உடம்பில் கையை வைத்து ஐந்து எண்ணுவார். ஐந்து எண்ணும் வரை கை தாங்கினால் சூடு ஏறக்குறைய 60 டிகிரிக்குள் இருக்கிறது, பயமில்லை. மூன்றில் கை தன்னால் விலகினால் பிரித்துப் பார்க்க வேண்டும். அடுத்து, நீளத் திருப்புளியின் முனையைப் பேரிங் இருக்கும் இடத்தில் ஊன்றி, கைப்பிடியைக் காதோரத்து எலும்பில் அழுத்திக் கண்ணை மூடிக்கொள்வார். கிரீஸ் வற்றிய பேரிங் மணலை அரைப்பதுபோல் கேட்கும். புஷ் தேய்ந்தது ஒரு சுற்றுக்கு ஒரு தட்டாகத் தட்டும். எனக்கு முதல் ஆறு மாதம் எல்லாம் ஒரே இரைச்சலாகத்தான் கேட்டது. “அவசரப்படாத கண்ணு, சத்தத்துக்குள்ள சத்தம் கேக்கும், அதுவரைக்கும் வச்சுட்டே இரு” என்பார்.

லேப்டாப் ஃபேனும் ஒரு மோட்டார்தான். பெரும்பாலும் 5 வோல்ட்டில் ஓடுகிற, உள்ளங்கைக்குள் அடங்குகிற மோட்டார். சின்னத் திருப்புளியை அதன் நடுக்குமிழ் மேல் ஊன்றி இன்றைக்கும் காது வைத்துக் கேட்கிறேன். எண்ணெய் வற்றியதா, இலை ஓரத்தில் உரசுகிறதா, ஃபேனைச் சேராத ஏதோ காயில் மின்சாரத்தில் கீச்சிடுகிறதா என்று அங்கே தெரிந்துவிடும். மூன்றாவதாகச் சொன்ன கீச்சுச் சத்தத்துக்கு எந்த மென்பொருளில் ஃபேனைக் குறைத்தாலும் பலன் இல்லை. இது தெரியாமல் ஒரு வாரம் கான்ஃபிக் கோப்புகளோடு போராடிவிட்டு வருகிற பிள்ளைகள் உண்டு.

எங்கள் ஊரில் காற்றிலேயே பஞ்சு கலந்திருக்கிறது. நிட்டிங், கட்டிங், தையல் என்று பனியன் கம்பெனிகள் நெருக்கியடித்த தெருக்களில் ஜன்னல் கம்பியில்கூட வெள்ளையாகப் பிசிறு படிந்திருக்கும். ஒரு கம்பெனி ஆபீஸ் மேசையில் ஒரு வருடம் இருந்த லேப்டாப்பைத் திறந்தால், ஃபேனின் இலைகள் சுத்தமாகவே இருக்கும். அதைப் பார்த்து மூடிவிடக் கூடாது. ஃபேனுக்கும் செப்புத் தகடு வரிசைக்கும் நடுவில் ஒரு இடுக்கு இருக்கிறது. அதை ஒட்டியிருக்கும் டேப்பை உரித்துப் பார்த்தால்தான் தெரியும்: தகடுகளின் முகத்தை மூடிக்கொண்டு கம்பளித் துணியாட்டம் ஒரு படலம். இடுக்கியால் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் ஒரே துண்டாக உரிந்து வரும். வெளியிலிருந்து பிளோயர் அடித்தால் அந்தப் படலம் போகாது. பின்னால் தள்ளப்பட்டு இலைக்குள் சிக்கும். திறந்துதான் எடுக்க வேண்டும்.

லேப்டாப் தொழிலுக்கு வந்த புதிதில் எனக்கு அந்தப் பொறுமை இல்லை. பக்கத்துப் பஞ்சர் கடைக் கம்பிரஸரில் குழாயை வாங்கி, ஓட்டையில் வைத்து ஒரே அழுத்தாக அழுத்தினேன். ஃபேன் விசில் அடித்ததுபோல் கத்திச் சுற்றியது. தூசியும் பறந்தது. வாடிக்கையாளருக்குச் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம். மறுநாள் காலையில் அவரே திரும்பி வந்தார். ஃபேன் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. அது தாங்கும் வேகத்துக்கு மேல் சுற்றவிட்டு புஷ்ஷைத் தேய்த்துவிட்டிருந்தேன். என் காசில் புது ஃபேன் வாங்கிப் போட்டேன். மேஸ்திரியிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. “சுத்தற சாமானத்துக்குக் காத்தடிச்சா, அதக் கையில புடிச்சுக்கோணும்னு கிரைண்டர் மோட்டாருலயே சொன்னனல்ல?” என்றார். சொல்லியிருந்தார். அன்றிலிருந்து என் மேசையில் விளக்குமாற்று ஈர்க்குச்சி ஒரு கட்டு இருக்கிறது. இலைகளுக்கு நடுவில் ஒன்றைச் செருகி, ஃபேன் அசையாமல் பூட்டிவிட்டு, பிறகுதான் பிரஷும் பிளோயரும். இரும்புக் கம்பி வேண்டாம், இலை உடையும். ஈர்க்குச்சி வளைந்துகொடுக்கும்.

பேஸ்ட் விஷயத்தில் எல்லோரும் அளவைப் பற்றித்தான் கேட்கிறார்கள். பட்டாணியா, அரிசியா என்று. லேப்டாப் பிராசஸரின் மேல் பெரும்பாலும் உலோக மூடி கிடையாது. கண்ணாடிபோல் மின்னும் சிலிக்கன் நேராக ஹீட் சிங்கைத் தொடும். அந்தச் செவ்வகம் முழுக்க மெல்லிசாக மூடினால் போதும். அளவைவிட முக்கியம் ஸ்க்ரூ முடுக்கும் வரிசை. ஹீட் சிங்கில் 1, 2, 3, 4 என்று எண் பொறித்திருக்கும். அது அலங்காரத்துக்கு இல்லை. மூலைக்கு மூலை மாற்றி, முதலில் எல்லாவற்றையும் பாதி வரை, பிறகு மீதி. ஒரு பக்கத்தை முழுதாக முடுக்கிவிட்டு மறுபக்கம் போனால் சாய்ந்து உட்காரும். சிலிக்கனின் ஓரம் சில்லு தெறித்தால் போர்டே போச்சு. கழற்றும்போதும் அப்படித்தான். காய்ந்த பேஸ்ட் சிமெண்டுபோல் பிடித்திருக்கும். லேப்டாப்பைக் கொஞ்ச நேரம் ஓட விட்டுச் சூடாக்கி, அணைத்து, பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, லேசாக முறுக்கி எடுக்க வேண்டும். நேராக இழுக்கக் கூடாது. பழைய பேஸ்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைப்பேன். எங்கள் ஊரில் நல்ல பனியன் துண்டுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பிசிறு விடாத துண்டாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தெர்மல் பேடில் நான் பட்ட அடி இதைவிடப் பெரிது. கிராபிக்ஸ் மெமரி மேல் இருந்த பழைய பேட் பிய்ந்துபோயிருந்தது. கையில் 1 மில்லிமீட்டர் பேட் இருந்தது, வெட்டி ஒட்டினேன். இருந்த இடத்துக்கு 0.5 தான் வேண்டியது. அந்த அரை மில்லிமீட்டர் ஹீட் சிங்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டது. புதுப் பேஸ்ட், சுத்தமான ஃபேன், எல்லாம் இருந்தும் சுவிட்சு போட்ட சில நொடிகளில் சூடு 95க்கு ஏறியது. மூன்று முறை பேஸ்டை மாற்றினேன். நாலாவது முறை ஹீட் சிங்கைத் தூக்கிப் பார்த்தபோது, பேஸ்டின் மேல் செப்பு பட்ட தடமே இல்லை. தடத்தை முதல் முறையே பார்த்திருக்க வேண்டும். இப்போது ஒவ்வொரு முறையும் ஒருதரம் மூடி, திறந்து, தடம் பார்த்து, மறுபடி பேஸ்ட் வைத்துத்தான் மூடுகிறேன். பேஸ்ட் கொஞ்சம் வீணாகும். ஆகட்டும்.

லினக்ஸ் என் மேசைக்கு வந்தது, 2011இல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கிய பிறகு. விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்து அதில் வந்தது. சி-டாக் தயாரித்தது, டெபியனை அடியாகக் கொண்டது. பிள்ளைகள் அதைத் திறந்து பார்த்தார்கள், சிலர் அதிலேயே தங்கினார்கள், பிறகு உபுண்டு, மின்ட் என்று போனார்கள். “அண்ணா, லினக்ஸ் போட்டா மட்டும் ஃபேன் கத்துதுங்கண்ணா” என்று அவர்கள் வந்து நின்றபோது எனக்கு அதில் ஒன்றும் தெரியாது. ராத்திரி உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். மோட்டார் கடையில் கற்ற முறையே இங்கேயும் கைகொடுத்தது: யார் யாரை ஓட்டுகிறார்கள் என்று ஒயரைப் பிடித்துக்கொண்டே போவது.

ஒயரைப் பிடித்துப் போனால் ஃபேனின் கயிறு பெரும்பாலான லேப்டாப்பில் லினக்ஸ் கையில் இல்லை. மதர்போர்டில் எம்பெடட் கன்ட்ரோலர் என்று ஒரு குட்டிச் சிப் இருக்கிறது. விசைப்பலகை, சார்ஜிங், ஃபேன் மூன்றையும் அதுதான் பார்த்துக்கொள்ளும். ஆபரேட்டிங் சிஸ்டம் உறைந்து நின்றாலும் அது ஃபேனைச் சுற்ற வைக்கும். லேப்டாப் செய்த கம்பெனி, விண்டோஸுக்கு ஒரு மென்பொருள் தந்து அதன் வழியாக அந்தச் சிப்போடு பேசும். லினக்ஸில் அந்தப் பேச்சுக்குச் சில மாடல்களில் நல்ல வழி உண்டு, சிலவற்றில் பாதி வழி, சிலவற்றில் வழியே இல்லை. வாடிக்கையாளரிடம் முதலிலேயே இதைச் சொல்லிவிடுவேன். முடியாததை முடியும் என்று வாங்கி வைத்துக்கொண்டால் இருவருக்கும் நாள் வீண்.

முதல் வேலை எல்எம்-சென்சார்ஸ் பொட்டலத்தை நிறுவி, சென்சார்ஸ்-டிடெக்ட் ஓட்டி, சென்சார்ஸ் என்று அடித்துப் பார்ப்பது. இன்டெல் பிராசஸராக இருந்தால் கோர்டெம்ப், ஏஎம்டியாக இருந்தால் கே10டெம்ப் என்ற தலைப்பின் கீழ் வருகிற எண்தான் நம்பத்தக்கது. ஏசிபிஐ பெயரில் இன்னொரு எண் வரும். சில லேப்டாப்பில் அது காலையிலும் மாலையிலும் ஒரே எண்ணாக அசையாமல் நிற்கும். அதைப் பார்த்து ‘சூடே இல்லையே’ என்று நிம்மதி அடைந்துவிடாதீர்கள். ஃபேன் சுற்று வேகம் தெரிந்தால் நல்லது. தெரியாவிட்டால் காதும் கையும் இருக்கின்றன.

எண்கள் சரியாக வந்த பிறகும் நான் ஃபேனைத் தொட மாட்டேன். சூடு எங்கிருந்து பிறக்கிறது என்று பார்ப்பேன். டாப் என்று அடித்து, ஒன்றும் திறக்காமல் ஐந்து நிமிடம் சும்மா பார்த்துக்கொண்டிருப்பது பெரிய வேலை, பலரால் முடிவதில்லை. கல்லூரிப் பையன் ஒருவன் மூன்று கடை ஏறி இறங்கிவிட்டு என்னிடம் வந்தான். பேஸ்ட் மாற்றியாகிவிட்டது, ஃபேனும் புதிது, ஆனாலும் சும்மா இருக்கும்போதே இரைச்சல். கை வைத்தேன்: காற்று பலம், நல்ல சூடு. குளிரூட்டல் குற்றமில்லை. டாப்பில் கேஒர்க்கர் என்ற கெர்னல் வேலையாள் ஒரு கோரை முழுதாகப் பிடித்து வைத்திருந்தது. சிஸ் அடைவில், ஃபர்ம்வேருக்குக் கீழே, ஏசிபிஐ இன்டரப்ட்ஸ் கோப்புறையில் ஜிபிஇ என்று தொடங்கும் கோப்புகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு வாசல் மணி. எத்தனை முறை அடித்தது என்று உள்ளே எண் இருக்கும். அவனுடையதில் ஒரே ஒரு மணி மட்டும், பார்க்கப் பார்க்க ஆயிரக்கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது. வன்பொருளிலிருந்து யாரோ நிற்காமல் மணி அடிக்க, கெர்னல் ஒவ்வொரு முறையும் ஓடி ஓடிக் கதவைத் திறந்துகொண்டிருக்கிறது. அந்தக் கோப்பில் டிஸேபிள் என்று எழுதினேன். இரண்டு நிமிடத்தில் ஃபேன் தணிந்தது. அணைத்துப் போட்டால் திரும்பும் என்பதால், கெர்னல் அளபுருவில் அந்த ஜிபிஇயை மூடிவைக்கும்படி எழுதி, லேப்டாப் மூடியைத் திறந்து மூடி, சார்ஜரைச் செருகி உருவி, பிரைட்னஸ் பொத்தான்களை அழுத்தி, வேறு எதுவும் செத்துவிடவில்லை என்று பார்த்துவிட்டுக் கொடுத்தேன். அந்தக் கடைசிப் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள். எந்த மணி எந்த வாசலுக்கு என்று மாடலுக்கு மாடல் மாறும்.

இப்படிக் கெர்னல் வரைக்கும் போக வேண்டியிருப்பது அபூர்வம். கோப்புகளை அட்டவணைப்படுத்தும் டிராக்கர் அல்லது பலூ முடிவில்லாமல் ஓடுவது, பிரவுசர் வீடியோவைக் கிராபிக்ஸ் சிப்பிடம் கொடுக்காமல் பிராசஸரிலேயே விரிப்பது, தேவையே இல்லாமல் இரண்டாவது கிராபிக்ஸ் கார்டு விழித்துக்கொண்டிருப்பது: பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான்.

அடுத்தது டர்போ. பிராசஸர் தன் சாதாரண வேகத்துக்கு மேல் கொஞ்ச நேரம் தாவும். அந்தத் தாவலுக்கு வோல்டேஜையும் ஏற்ற வேண்டும். மின்சக்தி வேகத்தோடு நேராகவும், வோல்டேஜோடு அதன் வர்க்கமாகவும் ஏறுவதால், கடைசி எட்டில் கிடைக்கும் சின்ன வேகத்துக்குப் பெரிய சூட்டை விலையாகக் கொடுக்கிறோம். கணக்கு எழுதுகிற, கடிதம் அடிக்கிற, பிரவுசர் பார்க்கிற ஆளுக்கு அந்த வேகம் தெரிவதே இல்லை. இன்டெல் பிஸ்டேட் கோப்புறையில் நோ-டர்போ என்ற கோப்பில் 1 என்று எழுதினால் போதும். 2021இல் வந்த 5.12 கெர்னலிலிருந்து பிளாட்ஃபார்ம் புரொஃபைல் என்ற பொதுவான வழியும் இருக்கிறது. மாடல் இடம் கொடுத்தால் சிக்கனம், சமநிலை, முழுவேகம் என்று எம்பெடட் கன்ட்ரோலரிடமே சொல்லிவிடலாம். ஃபேனின் சத்தத்தைப் பற்றிப் புலம்பிக்கொண்டு வருகிறவர்களில் பாதிப் பேர் இந்த இடத்திலேயே திருப்தியாகப் போய்விடுகிறார்கள். வீடியோ எடிட் செய்கிறவர், கம்பைல் செய்கிறவர் என்றால் டர்போவைத் தொட மாட்டேன். அவர் காசு கொடுத்து வாங்கியதே அதற்குத்தான்.

இத்தனைக்கும் பிறகுதான் ஃபேனின் கயிற்றைக் கையில் எடுப்பது. திங்க்பேடில் இது நன்றாக அமைந்திருக்கிறது. திங்க்பேட்-ஏசிபிஐ மாட்யூலுக்கு ஃபேன்-கன்ட்ரோல் 1 என்று ஒரு வரி கொடுத்தால், 0 முதல் 7 வரை படிப்படியாக வேகத்தை நாமே சொல்லலாம். ஆட்டோ என்று எழுதினால் பழையபடி சிப்பின் கையில். வாட்ச்டாக் என்று ஒரு காவலும் உண்டு: அதிகபட்சம் 120 நொடிக்குள் நம்மிடமிருந்து புது உத்தரவு வராவிட்டால், நமக்கு ஏதோ ஆகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு ஃபேனைப் பாதுகாப்பான நிலைக்கு அது திருப்பிவிடும். கையால் வேகத்தை எழுதிச் சோதிக்கும்போது காவல் இல்லாமல் நான் சோதிப்பதில்லை.

நாள்தோறும் ஓட்டுவதற்குத் திங்க்ஃபேன் என்ற நிரல். அதில் ஒவ்வொரு படிக்கும் கீழ் எல்லை, மேல் எல்லை என்று இரண்டு எண். முதல் தடவை நான் அழகாக அடுக்கினேன்: 50 வரை ஒன்றாம் படி, 50 முதல் 60 வரை இரண்டாம் படி, 60 முதல் 70 வரை மூன்றாம் படி. ஓட விட்டால் ஃபேன் மூச்சு வாங்குவதுபோல் ஏறுகிறது, இறங்குகிறது, ஏறுகிறது. 60ஐத் தொட்டதும் வேகம் கூடும், கூடியதும் 59 ஆகும், உடனே குறையும், மறுபடி 60. ஒரே சீராக இரைந்தாலாவது காது பழகும், இது தூங்கவிடாது. எங்கள் ஊர் அயர்ன் டேபிளில் ஒரு நாள் இருந்தவர்களுக்கு இதன் வைத்தியம் தெரியும். அயர்ன் பாக்ஸின் தெர்மோஸ்டாட் அணைக்கும் சூடு வேறு, மறுபடி போடும் சூடு வேறு. நடுவில் இடைவெளி விட்டுத்தான் செய்திருப்பார்கள். எல்லைகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி மாற்றினேன்: ஒன்றாம் படி 55 வரை, இரண்டாம் படி 49 முதல் 63 வரை, மூன்றாம் படி 57 முதல் 70 வரை. ஏற ஒரு வாசல், இறங்க இன்னொரு வாசல். மூச்சு வாங்கல் நின்றது. எல்லைகள் எத்தனை டிகிரி ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும் என்பதை அந்தந்த லேப்டாப்தான் சொல்லும். கனமான ஹீட் சிங்குக்குக் குறைவாகவும், மெல்லிய உடம்புக்காரனுக்கு அதிகமாகவும் வேண்டும்.

வேறு சில மாடல்களில் பிடபிள்யூஎம் என்று ஒரு கோப்பு கிடைக்கும். 0 முதல் 255 வரை எழுதலாம். ஃபேன்கன்ட்ரோல் நிரல் அதை வைத்து ஓட்டும். அதன் கான்ஃபிக்கில் மின்ஸ்டார்ட், மின்ஸ்டாப் என்று இரண்டு எண் கேட்கும். ஏன் இரண்டு என்று பிள்ளைகள் குழம்புகிறார்கள். கண்டன்சர் பலவீனமான சீலிங் ஃபேனை நினைத்துக்கொள்ளுங்கள். ரெகுலேட்டரை ஒன்றில் வைத்தால் நின்றபடி முனகும். கையால் ஒரு தள்ளு கொடுத்தால் அதே ஒன்றில் ஓடிக்கொண்டே இருக்கும். நிற்கிறதைக் கிளப்ப வேண்டிய பலம் அதிகம், ஓடுகிறதை ஓட்டக் குறைவு. கிளம்புகிற எண் மின்ஸ்டார்ட், நிற்காமல் ஓடுகிற கடைசி எண்ணை ஒட்டியது மின்ஸ்டாப். நான் இவற்றைக் காதால் எடுக்கிறேன். கடை மூடிய பிறகு, தெரு அடங்கியதும், 255லிருந்து ஐந்து ஐந்தாக இறக்கிக்கொண்டே வருவேன். நிற்கும் எண்ணைக் குறித்து, அங்கிருந்து ஐந்து ஐந்தாக ஏற்றி, கிளம்பும் எண்ணைக் குறிப்பேன். இதை மூன்று தடவை செய்து, மூன்றிலும் பெரிய எண்ணை எடுத்து, அதற்கு மேல் இருபது சேர்த்து எழுதுவேன். ஃபேனுக்கும் வயதாகும், எண்ணெய் வற்ற வற்றக் கிளம்பச் சிரமப்படும். அந்த இருபது, இரண்டு வருடத்துக்குப் பிந்திய அதன் முதுமைக்கு.

என் மனதை விட்டுப் போகாத தவறு இந்த வகை லேப்டாப்பில்தான். நூல் கடைக் கணக்காளர் ஒருவருக்கு ஃபேன்கன்ட்ரோல் வேண்டாம், நானே எழுதுகிறேன் என்று ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தேன். ஹெச்டபிள்யூமான் கோப்புறையில் இரண்டாம் எண்ணைப் படி, சூட்டைப் பார், ஃபேனுக்கு எழுது, அவ்வளவுதான். அந்தக் கோப்பில் சூடு ஆயிரத்தின் மடங்கில் இருக்கும், 47000 என்றால் 47 டிகிரி. அதையெல்லாம் சரியாக வகுத்திருந்தேன். எட்டு மாதம் நன்றாக ஓடியது. கெர்னல் புதுப்பிப்பு ஒன்று வந்தது. அந்த எண்கள் நிரந்தரமானவை அல்ல. எந்த மாட்யூல் முதலில் எழுந்ததோ அதற்கு முதல் எண். அன்றிலிருந்து இரண்டாம் எண்ணில் உட்கார்ந்திருந்தது எஸ்எஸ்டியின் சென்சார். பிராசஸர் வெந்துகொண்டிருக்க, என் ஸ்கிரிப்ட் எஸ்எஸ்டியின் 38 டிகிரியைப் பார்த்து ‘குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது’ என்று ஃபேனைக் குறைந்த வேகத்திலேயே வைத்திருந்தது. மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் நாளில் லேப்டாப் ஆமையாக நகர்ந்து, பிறகு தானாக அணைந்தது. அவர் ராத்திரி முழுக்க உட்கார்ந்து, விட்டுப்போனதை மறுபடி எழுதினார். என்னிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. திட்டியிருந்தால்கூட லேசாக இருந்திருக்கும்.

ஒவ்வொரு ஹெச்டபிள்யூமான் கோப்புறைக்குள்ளும் நேம் என்று ஒரு கோப்பு இருக்கிறது. அதைப் படித்து, கோர்டெம்ப் என்று பெயர் இருக்கிறதா என்று பார்த்துத்தான் நுழைய வேண்டும். ஃபேன்கன்ட்ரோலின் கான்ஃபிக்கில் டெவ்நேம், டெவ்பாத் என்று இரண்டு வரிகள் வரும். பெயர் மாறியிருந்தால் அது ஓடவே மறுத்துவிடும். அதைத் தொல்லை என்று நினைத்துத்தான் நான் சொந்தமாக எழுதினேன். இப்போது என் ஸ்கிரிப்ட் எதுவாக இருந்தாலும் முதல் பத்து வரி பெயர் சரிபார்ப்பு. சென்சாரைப் படிக்க முடியாவிட்டால் ஃபேன் முழுவேகம், அல்லது கட்டுப்பாடு திரும்பவும் சிப்பின் கைக்கு. ஸ்கிரிப்ட் எந்தக் காரணத்தால் செத்தாலும் கடைசியாக அது செய்ய வேண்டிய வேலையும் அதுதான்.

இன்னொன்று: ஒரு மாட்டுக்கு ஒரு கயிறு போதும். மின்சக்தியை நிர்வகிக்க டிஎல்பி ஒரு பக்கம், பவர் புரொஃபைல்ஸ் டீமன் ஒரு பக்கம், ஃபேனுக்கு இரண்டு நிரல் என்று எல்லாவற்றையும் நிறுவிவிட்டு, ‘எது போட்டும் சரியாகவில்லை’ என்று வருவார்கள். ஒன்று ஏற்ற, இன்னொன்று இறக்கும். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஒரு நாள் வெறுமனே ஓட்டிப் பார்த்து, பிறகு ஒன்றே ஒன்றைச் சேர்க்கச் சொல்வேன். எம்பெடட் கன்ட்ரோலரின் பதிவேடுகளில் நேராக எழுதும் என்பிஎஃப்சி போன்ற கருவிகளும் உண்டு. அந்தத் துல்லியமான மாடலுக்கு யாரோ சோதித்துத் தந்த கோப்பு இருந்தால் மட்டும் தொடுவேன். பெயர் கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது என்று பக்கத்து மாடலின் கோப்பைப் போடக் கூடாது. அதே சிப்தான் சார்ஜிங்கையும் பார்த்துக்கொள்கிறது என்பதை மறக்கக் கூடாது.

என்னிடம் வேலை கற்க வரும் பிள்ளைகளுக்கு முதல் நாள் நான் கொடுப்பது ஒரு நாற்பது பக்க நோட்டு. தேதி, மணி, அறைச் சூடு, சும்மா இருக்கும்போது சூடு, சுமையில் சூடு, ஃபேன் சுற்று, என்ன மாற்றினோம்: ஏழு பத்தி. அறைச் சூடு எதற்கு என்று கேட்பார்கள். மார்கழி விடிகாலையில் 42 காட்டும் லேப்டாப் சித்திரை மத்தியானம் 56 காட்டும். லேப்டாப்பில் ஒன்றும் மாறவில்லை. அறைச் சூட்டைக் கழித்து மிச்சத்தைத்தான் ஒப்பிட வேண்டும். காலையில் பேஸ்ட் மாற்றுவதற்கு முன் ஓர் அளவு, மத்தியானம் மாற்றிய பிறகு ஓர் அளவு எடுத்துவிட்டு, ‘பேஸ்ட் சரியில்லை’ என்று திரும்பப் பிரித்தவன் நான். சுமை கொடுத்து அளக்கும்போதும் அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும். முதல் ஐந்து நிமிடம் ஹீட் சிங்கும் போர்டும் அடித்தட்டும் சூட்டை உறிஞ்சிக்கொண்டிருக்கும். எண் அழகாகத் தெரியும். அவை நிரம்பிய பிறகு எங்கே நிற்கிறது என்பதே உண்மையான எண். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். இரண்டைச் சேர்த்துச் செய்தால் எது குணப்படுத்தியது என்று கடைசிவரை தெரியாது.

எவ்வளவு சூடு சரி என்று எல்லோரும் கேட்கிறார்கள். இன்டெல் பிராசஸர்கள் பலவற்றின் உச்ச எல்லை 100 டிகிரி, சிலவற்றுக்கு 105. அதைத் தொட்டால் பிராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கெர்னல் பதிவிலும் வேகம் குறைக்கப்பட்டது என்று ஒரு வரி விழும். முழுச் சுமையில் அரைமணி ஓடி 85க்குள் நின்றால் நான் நிம்மதியாக மூடியைப் போடுவேன். சும்மா இருக்கும்போது அறையைவிட 15 டிகிரி மேலே இருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. ஃபேன் அவ்வப்போது எழுந்து அடங்குவது அதன் இயல்பு. முழுக்கச் சத்தமே இல்லாமல் வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு, மெல்லிய உடம்பில் அது முடியாது என்று பொறுமையாக எடுத்துச் சொல்கிறேன்.

மேஸ்திரிக்கு இப்போது வயதாகிவிட்டது. காது மந்தம். சாயங்காலங்களில் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்காருவார். நேற்று ஒரு பள்ளிக்கூட ஆசிரியையின் பழைய திங்க்பேட் மேசையில் ஓடிக்கொண்டிருந்தது. புது பேஸ்ட், சுத்தம் செய்த தகடு, திங்க்ஃபேனில் நான்கு படி. என்னிடம் வேலை பழகும் பெண் நோட்டோடு பக்கத்தில் இருந்தாள். மேஸ்திரி எழுந்து வந்து, கேட்காமலே காற்று வரும் பக்கம் உள்ளங்கையை வைத்தார். உதடு அசைய எண்ணினார். கையை எடுத்துவிட்டு அவளைப் பார்த்து, “காத்து ஒரு ஓரமா வருது கண்ணு, இந்தப் பக்கம் கம்மி” என்றார். நோட்டில் எல்லா எண்ணும் சரியாக இருந்தது: அறை 33, சும்மா 47, சுமையில் 79, சுற்று 3,200. அணைத்துத் திறந்தோம். தகடு வரிசையின் இடது மூலையில் சுண்டுவிரல் நகம் அளவு பஞ்சு, சாம்பல் நிறத்தில், இடுக்குக்குள் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் ஈர்க்குச்சியை எடுத்து ஃபேனைப் பூட்டிவிட்டு, இடுக்கியைத் தேடினாள்.